உள்ளது உள்ளபடி

மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடிக்கச் சொன்னவன் நான்தான், என்றாலும் ஒவ்வொரு முறையும் அது வேறு யாரோ வேறு எதற்கோ அடிப்பது போல உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அடங்குகிறது. பள்ளிக்கூட மணியும் இல்லை, கோயில் மணியும் இல்லை, இரண்டையும் கலந்து துருப்பிடிக்க விட்ட மாதிரி ஒரு சத்தம். மேசைமேல் தண்ணீர்த் தம்ளருக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடி விளிம்பில் மோதித் திரும்புகின்றன. இந்த மணி நிற்கும் வரை எனக்கு வேலை கிடையாது. கேன்டீனில் இருப்பவர்கள், தாழ்வாரத்தில் போனும் காதுமாக நிற்பவர்கள், யாரும் படிக்கப் போகாத நூலகத்துக்குத் தூங்கப் போனவர்கள், எல்லோரும் வந்து அவரவர் இருக்கையில் உட்கார வேண்டும், அதற்குத்தான் மணி. நின்றதும் கதவை மூடுங்கள் என்பேன். மூடிய பிறகு வெளியே இருப்பவர் வெளியேதான், உள்ளே இருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள். ஆம் பதினைந்து. இல்லை பதினைந்து. பிறகு முப்பது பேரும் என்னைப் பார்ப்பார்கள், பார்ப்பார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, முதல் கூட்டத்தொடரில் பார்த்தார்கள், இப்போது அந்த நேரத்தில் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், நான் என்ன சொல்வேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சமமாக விழுந்தால் பேரவைத் தலைவரின் ஓட்டு. தலைவரின் ஓட்டு எப்போதும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்கிற பக்கம். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. மரபு. எந்தக் குளிர் தேசத்திலோ எந்தத் தலைவரோ என்றைக்கோ தொடங்கி வைத்தது கடல் தாண்டி இந்தச் சின்ன மாநிலத்துக்கு வந்து இந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நான் அதன் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று தொடரின் கடைசி நாள், கடைசி அலுவல். தாழைக்குப்பத்துக்குக் கடல் தடுப்புச் சுவர் கட்டும் அரசினர் தீர்மானம். தாழைக்குப்பம் என் தொகுதி. நான் பிறந்த ஊர். ஆளுங்கட்சி கொண்டுவந்தது, அதனால் எதிர்க்கட்சி எதிர்க்கிறது. போன தொடரில் இதே சுவரை எதிர்க்கட்சி கொண்டுவந்தது, அதனால் ஆளுங்கட்சி எதிர்த்தது. சுவர் ஒன்றுதான், வரைபடம்கூட அதே வரைபடம், தேதியை மட்டும் வெள்ளை மையால் அழித்து மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கும் நான் இல்லை என்றேன். அன்றைக்கு அக்கா வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன.

அக்கா மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அஞ்சலாட்சி. குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்திருக்கிறாள், வாசலில் சுருக்குப் பையையும் வெற்றிலையையும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், வாய் வெறுமனே அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. கால்மேல் கால் போடக்கூடாது, கைதட்டக்கூடாது, பேசக்கூடாது என்று காவலர் சொல்லியிருப்பார். பேசக்கூடாது என்பது இந்தக் கட்டடத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது, சிரிக்கக்கூடாது, கேமரா என் பக்கம்தான் எப்போதும் திரும்பியிருக்கும். நான் சுயேச்சையாக நின்று ஜெயித்தபோது இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து. முதலில் இரண்டு பக்கமும் என் வீட்டு வாசலில் கார் நிறுத்தினார்கள், பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு யோசனைக்கு வந்தார்கள், யாரும் தன் ஆள் ஒருவரை இழக்காமல் நாற்காலியை நிரப்ப வேண்டுமென்றால் பூவராகனைப் போடு. படித்தவர், வெளிநாட்டில் இருந்தவர், இரண்டு மொழி தெரிந்தவர், யாருக்கும் வேண்டியவர் இல்லை. கடைசிச் சொல்தான் உண்மையான தகுதி. அன்று குப்பத்தில் வெடி போட்டார்கள். நம்ம பையன் நாக்காலியில ஏறிட்டான், இனிமே யாரு நம்மள அசைக்கிறது என்று அக்கா ஊரெல்லாம் சுண்டல் கொடுத்தாள். நாற்காலியில் ஏறியவன் விவாதத்தில் பேசக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, தன் தொகுதியின் பெயரைக்கூடத் தானாக எடுக்கக்கூடாது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அன்று தெரியவில்லை. மற்ற முப்பது ஊர்களுக்கும் இந்த அவையில் வாய் இருக்கிறது, தாழைக்குப்பத்துக்கு மட்டும் நாற்காலி இருக்கிறது. எனக்கு இது பழக்கம்தான். இருபது வருஷம் தெற்கு பிரான்ஸில் ஒரு துறைமுக ஊரின் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன், தஞ்சம் கேட்டு வந்தவர்கள் தமிழில் அழுவதைப் பிரெஞ்சில் அழாமல் சொல்வது என் வேலை, நீதிபதி சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வதும் என் வேலை. ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது, சொந்த அபிப்பிராயம் கிடையாது. உங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது என்பதை நீதிபதி காகிதத்தைப் பார்த்துச் சொல்வார், அவர்கள் கேட்பது என் குரலில், அதனால் என்னைத்தான் பார்ப்பார்கள். அந்த மொழியில் இல்லை என்றால் மறுப்பு, அவ்வளவுதான். நம் மொழியில் இல்லை என்றால் அந்தப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது. காலையில் பிரெஞ்சும் மத்தியானம் தமிழுமாகப் படித்த பள்ளியில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை, அங்கே போய் அந்த முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை. சொந்த வாயால் எதையாவது சொல்லலாம் என்று வந்தேன். வந்து உட்கார்ந்த இடம் இது.

மணி இன்னும் அடிக்கிறது. கடைசி வரிசையில் யாரோ கொட்டாவி விடுகிறார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, கவனித்துக்கொண்டே இருக்கிறேன், அவள் கண் என் பக்கமே வரவில்லை, கீழே அந்தப் பெரிய கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பூட்டிவிடுவார்கள் என்று பயமோ என்னவோ. கதவு என்றால் அவளுக்கு இப்போது பயம்தான். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது வழக்கம்போல் கடலைப் பார்த்த வாசலுக்குப் போனேன், கதவுக்கு வெளிப்பக்கம் பலகை குறுக்கே அடித்திருந்தது, படிக்கட்டு இல்லை, இருந்த இடத்தில் தண்ணீர். பின்னாலிருந்து கூப்பிட்டாள். "இந்தாண்ட வாடா, வாசல மாத்திட்டேன்." சமையல்கட்டுச் சுவரை இடித்து ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்கு வழி எடுத்திருந்தாள், நான் அடுப்பைத் தாண்டி, அரிவாள்மணையைத் தாண்டி, மீன் கழுவுகிற தொட்டியைத் தாண்டி வீட்டுக்குள் போனேன். "வர்ற சனமெல்லாம் என்னா கொழம்புன்னு பாத்துட்டுத்தான் உள்ள வருது, ஒண்ணும் மறைக்க முடியல" என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போது பலகைக்குப் பின்னால் அலை வந்து மோதியது, கதவு ஒரு தடவை உள்பக்கமாக அசைந்தது, யாரோ தட்டிவிட்டுப் பொறுமையாக நிற்பதுபோல. அவள் பேச்சை நிறுத்தவில்லை. "ஒன் நாக்காலி ஒசரமா இருக்குதே, அங்கேருந்து பாத்தா கடலு தெரியுமாடா?" தெரியாது என்றேன். ஜன்னலெல்லாம் மேற்குப் பக்கம். உள்ளது உள்ளபடி. இதில்தான் என் புத்தி ஒவ்வொரு ராத்திரியும் வலையில் முள் சிக்கின மாதிரி மாட்டிக்கொள்கிறது. எது உள்ளது? முதல் தடவை நான் இல்லை என்றபோது இரண்டு வரிசை வீடு உள்ளது. அதை உள்ளபடி விட்டேன். விட்ட இடத்தில் அது இல்லை. மரபு உண்டாக்கியவர்கள் ஊர் நிலத்தின்மேல் இருந்திருக்கும், அங்கே ஒன்றும் செய்யாமல் விட்டால் இருந்தது இருக்கும். இங்கே ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு செய்கை, அதைச் செய்வது நான், கடல் என் ஓட்டை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வரிசையாக நிறைவேற்றுகிறது. அப்படியென்றால் ஆம் என்று சொல்லேன், யார் தடுத்தது, சட்டம் தடுக்கவில்லையே. சொல்லலாம். சொன்ன மறு நிமிஷம் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும், சொந்தத் தொகுதிக்காக, சொந்த அக்கா வீட்டுக்காக மரபை உடைத்தார் என்பார்கள், பொய் இல்லை, உண்மைதான், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும், என்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட அவர்களுக்கு ஓர் ஓட்டு போதும், சுவருக்கு நீதிமன்றத்தில் தடை வாங்குவார்கள், சுவர் கோப்பிலேயே நிற்கும். இதெல்லாம் காரணமா, அல்லது இருபது வருஷம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இருந்த வாய்க்குச் சொந்தமாக ஆம் என்று சொல்லத் தெரியவில்லையா, இதுவரை விளங்கவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பூவராகன் என்று பேர் வைத்தார் அப்பா. கடலுக்குள் போன பூமியைக் கொம்பில் தூக்கிக்கொண்டு வந்த சாமி பேர். மாசி மகத்துக்கு அந்தச் சாமி மேளதாளத்தோடு கடலாட வரும். இந்த வருஷம் தணிகாசலம்கூடச் சொன்னார், "இனிமே சாமி அம்மாந்தூரம் வர வேணாம் தலைவரே, சேதி சொல்லி அனுப்புனா கடலே வந்து குளிப்பாட்டிட்டுப் போவும்."

தணிகாசலம் எதிர்க்கட்சி, மணியங்குப்பம் உறுப்பினர், எங்களுக்குத் தெற்கே அடுத்த ஊர், எங்களைப் போலவே கடலோடி வீட்டுப் பிள்ளை. அவர் ஊரில் எப்போதோ கல் கொட்டிவிட்டார்கள், அங்கே மோதித் திரும்பின கடல்தான் எங்கள் ஊர் மண்ணை அள்ளுகிறது என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள், அவரும் மறுக்கவில்லை, "எங்க கல்லு ஒங்க மண்ணத் தின்னுது, நாங்க என்னா செய்றது, எங்க கட்சி கல்லு வேணாங்குது" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னார். மகளை எங்கள் ஊரில் கொடுத்திருக்கிறார், அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. கட்சி உத்தரவை மீறி ஆம் என்றால் பதவி போய்விடும், சட்டம் அப்படி, அதனால் எழுந்து நின்று இல்லை என்பார், இல்லை என்ற கையோடு மகள் வீட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கிக்கொண்டு போவார். இன்று காலையில்கூடத் தாழ்வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க?" என்றேன். "கேன்டீன் போண்டா தலைவரே. கட்சி மாதிரி, உள்ள போனா வெளிய வர மாட்டேங்குது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மணி அடிக்கிறப்ப ஆளு எங்க கெடப்பேன்னு தெரியாது. நீங்க பாட்டுக்கு ஒங்க வேலையப் பாருங்க. எனக்காவ நிக்காதீங்க." டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இருக்கை. மூன்றாம் வரிசை, தூணுக்குப் பக்கம். தூண் மறைக்கிறதோ என்று கொஞ்சம் சாய்ந்து பார்க்கிறேன். மறைக்கவில்லை. காலி. எண்ணுகிறேன், கண்ணாலேயே, தலை அசையாமல். இந்தப் பக்கம் பதினைந்து. அந்தப் பக்கம் பதினான்கு. மறுபடி எண்ணுகிறேன். பதினான்கு. அப்படியென்றால் சமம் இல்லை, சமம் இல்லையென்றால் தலைவருக்கு ஓட்டு இல்லை, என் வாயே தேவையில்லை, சுவர் தானாக எழுந்து நிற்கும், நான் ஒரு சொல் கூட்டவில்லை குறைக்கவில்லை. முதல் தொடரில் இப்படி நடந்திருக்காது, அப்போதெல்லாம் இரண்டு கொறடாக்களும் ஆட்டு வியாபாரி மாதிரி தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள், ஒருவர் சிறுநீர் கழிக்கப் போனால் கூட ஒருவர் காவலுக்குப் போவார். எண்ணி எண்ணி அலுத்துவிட்டது, எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் கடைசியில் பூவராகன் இல்லை என்பார். உறுப்பினர்களின் சம்பள மசோதா வந்தபோது மட்டும் எதிர்க்கட்சி மறக்காமல் வெளிநடப்புச் செய்து நிறைவேற்றிக் கொடுத்தது. கீழே என் காலடியில் பேரவைச் செயலர் இருதயராஜ் உட்கார்ந்திருக்கிறார், எண்ணுவது அவர், அவரும் பார்த்துவிட்டார், கழுத்து லேசாக என் பக்கம் திரும்பி, திரும்பாதது போல் திரும்பிக்கொள்கிறது. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிற மனிதர். மேலே அக்கா கதவைப் பார்க்கிறாள்.

மணி நின்றுவிட்டது. நின்றபின்தான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிகிறது. மின்விசிறி, யாரோ தொண்டையைச் செருமுவது, எங்கேயோ தூரத்தில் இரைச்சல், சாலையாக இருக்கும், கடலாகவும் இருக்கலாம். இந்த அவையில் நானே உண்டாக்கிய ஒரு பழக்கம், கதவை மூடச் சொல்லும் முன் இரண்டு கொறடாக்களையும் பார்ப்பேன், இருவரும் தலையசைக்க வேண்டும், பிறகு பின்னால் யாரும் அழக்கூடாது. ஆளுங்கட்சிக் கொறடா தலையசைத்தார். எதிர்க்கட்சிக் கொறடா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் பார்வை பட்டதும் நிமிராமலே தலையசைத்தார். அசைத்துவிட்டார். இரண்டு தலையும் அசைந்துவிட்டன. இனி மூன்றே சொல், கதவை மூடுங்கள் தயவுசெய்து. உதட்டை மைக்குக்கு அருகே கொண்டுபோகிறேன், சிவப்பு விளக்கு எரிகிறது, பலகை அடித்த கதவு, அடுப்பைத் தாண்டிப் போகிற வழி, மழைக்காலம் வருவதற்குள் கல் வந்துவிடும், அந்தத் தொட்டியில் அவள் மீன் கழுவிக்கொண்டே இருப்பாள், நான் முன்வாசல் வழியாகப் போவேன், சொல்லு, மூடுங்கள் என்று சொல்லு, சொல்ல வாயைத் திறக்கிறேன், கண் மட்டும் தூணுக்குப் பக்கத்துக் காலி இடத்திலேயே நிற்கிறது, ஒரு ஆள் குறைகிறது, ஒரு ஆள் குறைகிறது என்று எதுவோ அடிவயிற்றிலிருந்து ஏறி வருகிறது, விடியாத இருட்டு, ஈர மணல், படகின் இரண்டு பக்கமும் கை வைத்து ஆட்கள் நிற்கிறார்கள், தள்ள வேண்டியதுதான், அப்பா தள்ள விட மாட்டார், வாடைக்காற்றில் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று வராதவன் பேரைச் சொல்லிக் கத்துவார். மூன்று தடவை. மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லையென்றால்தான் தள்ளலாம். கூப்பிடாமல் தள்ளின படகில் போனவன் திரும்பி வர மாட்டான் என்று சொல்வார்கள், சொல்வார்களோ இல்லையோ, கூப்பிடாமல் ஒரு நாளும் தள்ளியதில்லை. என் குரல் கேட்கிறது. அவையில் பேசுகிற குரல் இல்லை, நீதிமன்றக் குரலும் இல்லை, எனக்கே தெரியாத, காற்றுக்கு எதிராக நீட்டி எறிகிற குரல். "தணிகாசலம்." உறுப்பினரைப் பேர் சொல்லி அழைக்கக்கூடாது, மாண்புமிகு மணியங்குப்பம் உறுப்பினர் என்றுதான் சொல்ல வேண்டும், விதி. மைக் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரம், கேன்டீன், கழிப்பறை என்று ஒலிபெருக்கி இருக்கிற இடமெல்லாம் கொட்டியது. "தணிகாசலம்." இது எதிரொலி. நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடக்கிறது. எதிர்க்கட்சிக் கொறடாவின் கையிலிருந்து போன் விழுகிறது, பார்க்கிறார், எண்ணுகிறார், முகம் வெளிறுகிறது. பொதுப்பணி அமைச்சர் எழுந்து, "தலைவர் அவர்களே, மணி நின்றுவிட்டது, கதவு..." என்கிறார், நான் பதில் சொல்ல வேண்டும், என்ன பதில், இருதயராஜ் காலடியிலிருந்து முணுமுணுக்கிறார், "மூடச் சொல்லலாம் சார், இப்பவும் சொல்லலாம்." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. சொல்ல நாக்கைத் தூக்குவதற்குள் கதவில் தணிகாசலம் நிற்கிறார். கை ஈரமாக இருக்கிறது, வேட்டியில் துடைத்துக்கொண்டே நடந்து வருகிறார், ஓடவில்லை, ஓடி வந்தவர் உள்ளே வந்ததும் நடக்கிறார். கொறடா ஏதோ கெட்ட வார்த்தையைப் பல்லுக்குள் கடிக்கிறார், "எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" தணிகாசலம் அவரைப் பார்க்கவில்லை. தன் இடத்துக்கு வந்து, உட்காருவதற்கு முன்னால், என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, இருந்திருந்தால் பரவாயில்லை. பிடித்து வைத்திருந்த ஒன்றை இன்னொருவன் தட்டிவிட்டபின் கீழே பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்காவ நிக்காதீங்க. போண்டா. மகள் வீடு, அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. கட்சிக்கு எதிராக எழுந்து நின்றால் பதவி போகும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையில் உட்கார்ந்திருந்தால் எவனும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் இதைத்தான் சொன்னார், தமிழில்தான் சொன்னார், இருபது வருஷம் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்குவதையே தொழிலாகச் செய்தவன் நான். கதவை மூடுங்கள் என்று யாரோ சொல்கிறார்கள், நான்தான். மூடுகிறார்கள். தாழ் விழுகிறது. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க. பதினைந்து. எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்க. மூன்றாம் வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்கிறார். பதினைந்து. இருதயராஜ் காகிதத்தை மேலே நீட்டுகிறார். இப்போது ஆம் என்று சொல்லலாம். இப்போதுதான் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக்காரனையே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு ஆம் என்று சொன்னால் யார் என்னைப் பாரபட்சக்காரன் என்பார்கள், இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது, ஆம், இரண்டே எழுத்து, மூச்சை இழுக்கிறேன், அவைக்காவலர் ஒருவர் ஏப்பம் விடுகிறார், முன்வரிசையில் முதலமைச்சர் ஏற்கெனவே கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் போடுகிறார். "வாக்குகள் சமமாக இருப்பதால், நிலவும் மரபைப் பின்பற்றி, தலைவரின் வாக்கு எதிராக அளிக்கப்படுகிறது." தெளிவாக, தடுக்காமல், ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததை நான் மொழிபெயர்த்த மாதிரி இருந்தது. தீர்மானம் தோற்றது. அவை நாள் குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. எல்லோரும் தேசிய கீதத்துக்கு எழுந்தார்கள், மாடத்திலும் எழுந்தார்கள், அக்கா கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

பின்வாசலில் என் கார் நின்றது, நான் முன்வாசலுக்குப் போனேன். காவலர் மேசையில் பெண்கள் வரிசையாக நின்று சுருக்குப் பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன்னுடையதைப் பிரித்து வெற்றிலையை எடுத்தாள், காம்பைக் கிள்ளினாள். தணிகாசலம் அவளுக்குப் பக்கத்தில் நின்றார், என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். "ஒனக்கு மட்டுந்தான்டா தெரியாது" என்றாள் அக்கா. "ஊருக்கே தெரியும், இந்தச் சம்பந்தி வர மாட்டாருன்னு. ஒங்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு சொல்லல." நான் தணிகாசலத்திடம், "நான் கூப்பிட்டாலும் நீங்க வராம இருந்திருக்கலாமே" என்றேன். கேட்கும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது. "இருந்திருக்கலாம் தலைவரே. இன்னும் ரெண்டு தடவ கூப்புடட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னுதான் நெனச்சேன். கதவு தாப்பாளக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். பேரச் சொல்லி, அதுவும் அந்தக் கொரல்ல." கையை விரித்துக் காட்டினார், கை இன்னும் காயவில்லை. "காலு எந்திரிச்சிப்புட்டுது." அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அவரு என்னா பண்ணுவாரு, கூப்புட்டா வரணும்தான். நீ என்னா பண்ணுவ, ஒரு ஆளு கொறையிறப்ப கூப்புடத்தான் வேணும்." அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன், இல்லை, நிஜமாகவே இல்லை, மீன் கெட்டுவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "நாளைக்கிக் காத்தாலயே சாமானெல்லாம் எடுத்துடலாம்னு இருக்கேன். மர பீரோவத் தூக்க நாலு ஆளு வேணும், அந்தச் சந்து வழியா அது வராது, முன்வாசப் பலகையப் பேத்துட்டுத் தண்ணியிலதான் எறக்கணும். நீ வர வேணாம், ஒனக்கு முதுகுவலி." பேருந்து வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் ஏறினார்கள். ஏறின பிறகு அக்கா படியில் நின்று உள்ளே திரும்பி ஆளை எண்ணினாள், விரலை மடக்கி மடக்கி எண்ணினாள், ஒரு விரல் மடங்காமல் நின்றது, நடத்துனர் விசில் அடிக்கப் போனார், அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் கடைவரிசையைப் பார்த்து, யாருடைய பேரையோ நீட்டிக் கூப்பிட்டாள்.